தோல் கைப்பையில் பூஞ்சை. புதிதாக வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

கடலோரம் | சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

எல்லோருக்கும் வணக்கம். தைப்பூசக் காவடி முடிந்து வீட்டை ஒழுங்கு செய்தபோது அலமாரி மேல்தட்டிலிருந்து இரண்டு கைப்பைகளை இறக்கினேன்.

ஒன்று அம்மாவுடையது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு ஷூ ஃபேக்டரியில் அம்மா வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. என்னைவிட அதற்கு வயது அதிகம். பழுப்பு நிறம், உள்ளே துணி எதுவும் கிடையாது, வெறும் தோல்தான். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்தேன். பிரித்தால் மேலெல்லாம் விபூதி பூசினது போல வெள்ளைப் பூஞ்சை. பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

இன்னொன்று மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாலில் நான் 1,900 ராண்ட் கொடுத்து வாங்கியது. உள்ளே 'ஜெனுயின் லெதர்' என்று சீட்டு தைத்திருக்கிறது. அதில் பூஞ்சை இல்லை. ஆனால் கைப்பிடியிலும் மூடி மடிப்பிலும் செதில் செதிலாக உரிந்து கொட்டுகிறது, புடவையில் கறுப்பாக ஒட்டுகிறது. கடையில் கேட்டால் "ஈரத்தில் வைத்துவிட்டீர்கள்" என்று முடித்துவிட்டார்கள்.

அம்மா பையைக் காப்பாற்ற முடியுமா? அப்புறம், செப்டம்பரில் தங்கை கல்யாணம். அதற்குள் ஒரு நல்ல பை வாங்க வேண்டும். மாட்டுத் தோல் வேண்டாம் என்கிறார் மாமியார். அவர் சொல்லைத் தட்ட எனக்கு விருப்பம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹைவெல்ட் | லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

அக்கா, பூஞ்சையைத் துடைத்துவிட்டு நன்றாகத் தேங்காய் எண்ணெய் தேயுங்கள். நான் மாதம் ஒரு முறை என் பைக்கும் பெல்ட்டுக்கும் எண்ணெய் போடுகிறேன். இங்கே குளிர்காலத்தில் போடாவிட்டால் தோல் வெடித்துவிடும். எண்ணெய் போட்டுவிட்டு வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தால் உள்ளே இறங்கிவிடும்.

ஆம்பூரான் | பீட்டர்மாரிட்ஸ்பர்க்

கடலோரம் தங்கச்சி, தயவுசெய்து எண்ணெய்ப் பாட்டிலைக் கீழே வையுங்கள். முதலில் இதைப் படியுங்கள்.

நான் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் பதினோரு வருடம் ஃபினிஷிங் பகுதியில் இருந்தேன். (எங்கள் ஊரில் தோல் பதனிடும் இடத்தை 'ஷாப்' என்றுதான் சொல்வோம்.) கைக்கு வந்த தோலைப் பார்த்துத் தரம் பிரிப்பதுதான் என் வேலை. அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

ஹைவெல்ட் தம்பி சொல்வது அவர் ஊருக்குப் பாதி சரி. ஜோகன்னஸ்பர்க்கில் ஜூலை மாத மதியத்தில் காற்றின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும், தோல் காயும். டர்பனில் ஜனவரியில் அது 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். 65, 70 சதவீதத்தைத் தாண்டினாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அங்கே எண்ணெய் தேய்த்தால் பூஞ்சைக்குச் சோறு வைத்த மாதிரி. தேங்காய் எண்ணெயில் இன்னும் ஒரு கேடு: தோலைக் கறுக்க வைக்கும், நாரைத் தளர்த்தும், தூசியைப் பிடித்து வைக்கும். ஒரு முறை இறங்கிய எண்ணெயை வெளியே எடுக்கவே முடியாது. வெயிலும் வேண்டாம். மரப்பட்டையில் பதப்படுத்திய தோல் ஈரமாக இருக்கும்போது சூடு பட்டால் சுருங்கிக் கல்லாகிவிடும்.

அம்மா பையைப் பற்றி: காற்றோட்டமான நாளில் வீட்டுக்கு வெளியே, நிழலில் எடுத்துப் போங்கள். உள்ளே தட்டினால் பூஞ்சைத் தூள் பறந்து மற்ற பைகளுக்கும் ஒட்டும். முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். மருந்துக் கடையில் நிறமில்லாத சர்ஜிக்கல் ஸ்பிரிட் கிடைக்கும். பாதி ஸ்பிரிட், பாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்து இறுக்கப் பிழிந்து, அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொட்டுப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் நிறுத்திவிட்டு வெறும் ஈரத் துணியோடு இருங்கள். ஏறாவிட்டால் முழுப் பையையும் ஒரே சீராக, வாயையும் மடிப்பையும் விடாமல் துடையுங்கள். ஹார்டுவேர் கடையில் விற்கும் சாயம் போட்ட எரி ஸ்பிரிட் வேண்டாம், கறை பிடிக்கும். இரண்டு நாள் நிழலில் வாயைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். அப்புறமும் தோல் விறைப்பாக இருந்தால் மட்டும் லெதர் கண்டிஷனரைப் பட்டாணி அளவு எடுத்துப் பை முழுக்கப் பரப்புங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பிளாஸ்டிக் உறைதான். தோலுக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். மூடிக் கட்டினால் அது போக வழியில்லை.

உரியும் பைக்கு வருகிறேன். உரிந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொல்லுங்கள். கீழே நெய்த துணி தெரிந்தால் அது ரெக்சின். பஞ்சு போல மயிர்மயிராக நார் தெரிந்தால் ஸ்பிளிட். தூளை அழுத்தி ஒட்டியது போல, காகிதம் மாதிரி உதிர்ந்தால் பாண்டட், அதாவது தோல் தூளைப் பசை போட்டு ஒட்டியது.

கடலோரம்

அண்ணா, இப்போதுதான் பார்த்தேன். துணி இல்லை. சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி இருக்கிறது, நகத்தால் சுரண்டினால் நூல் நூலாக வருகிறது. அப்படியென்றால் தோல்தானா?

ஆம்பூரான்

தோல்தான். சீட்டு பொய் சொல்லவில்லை, அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

மாட்டுத் தோல் 4, 5 மில்லிமீட்டர் கனம் இருக்கும். கைப்பைக்கு அவ்வளவு கனம் ஆகாது. அதனால் மெஷினில் கொடுத்து, மேல், கீழ் என இரண்டு அடுக்காகப் பிளப்போம். மயிர் முளைத்த மேல்பக்கம்தான் 'கிரெயின்'. அங்கே நார்கள் பட்டு நெசவு போல நெருங்கி இருக்கும். கீழே சதைப்பக்கம் போகப் போக நார் தடித்து, தளர்ந்து சாக்குத் துணி போலாகும். அந்தக் கீழ்ப்பாதிதான் ஸ்பிளிட். அதற்கு முகம் கிடையாது. அதனால் பாலியூரித்தேன் பிளாஸ்டிக் படலத்தை மேலே ஒட்டி, தோல் மாதிரி வரிகளை அச்சடித்து, முகம் கொடுத்துவிடுவார்கள். உங்கள் பையில் உரிவது அந்தப் படலம். மலிவான பாலியூரித்தேனை ஈரக் காற்று மெல்ல மெல்ல அரித்து உடைக்கும். டர்பனில் இரண்டு மூன்று வருடம் தாங்கினால் பெரிது. தொடங்கிவிட்டால் நிறுத்த மருந்தே இல்லை. மேலே சாயம் பூசித் தருகிறேன் என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள்.

'ஜெனுயின் லெதர்' என்ற இரண்டு சொல்லும் தரத்தைச் சொல்வதே இல்லை. 'ஃபுல் கிரெயின்' என்றால் மேல்முகத்தைத் தேய்க்காமல் அப்படியே விட்டது. கொசுக்கடி, முள் கீறல், நரம்புத் தடம் எல்லாம் தெரியும். 'கரெக்டட் கிரெயின்' என்றால் அந்தத் தழும்புகளைச் சாணைத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு வண்ணம் பூசி அச்சடித்தது. அது மோசம் என்று சொல்லமாட்டேன், நல்ல ஷூக்களே அதில் வருகின்றன. ஆனால் விலை அதற்குத் தக்கதாக இருக்க வேண்டும்.

கடையில் ஒரு நிமிடத்தில் பார்ப்பது இப்படி. கட்டைவிரலால் தோலை அழுத்தித் தள்ளுங்கள். உயிருள்ள முகமாக இருந்தால் விரலைச் சுற்றி உள்ளங்கை ரேகை போல மெல்லிய சுருக்கங்கள் ஓடும், விரலை எடுத்ததும் மறையும். பிளாஸ்டிக் முகம் ரப்பர் மாதிரி ஒரே குழியாக இறங்கும். அப்புறம் முகம் உள்பக்கமாக வருகிற மாதிரி லேசாக மடியுங்கள். சுருக்கம் பொடிப்பொடியாக விழுந்தால் முதுகுத் தோல். பெரிய பெரிய குழாய் போல எழும்பினால் அது வயிற்றுப் பக்கத் தோல், சீக்கிரம் தொங்கிவிடும்.

தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்ப்பது, நெருப்பு காட்டுவது, முகர்ந்து பார்ப்பது எதையும் நம்பாதீர்கள். நல்ல தோலிலும் மேல்பூச்சு இருந்தால் தண்ணீர் இறங்காது. வாசனையைத் தெளித்தே விற்கிறார்கள். நெருப்பு காட்டினால் பைதான் கெடும்.

ஹைவெல்ட்

அண்ணா, மாதாமாதம் எண்ணெய் போட்டது தப்பா? என் பெல்ட் கறுத்துத் தொளதொளவென்று ஆனதற்கு இதுதான் காரணமா?

ஆம்பூரான்

ஆமாம் தம்பி. உங்கள் ஊர் வறட்சிக்கும் வருடத்துக்கு இரண்டு முறை, குளிர் தொடங்கும் முன் ஒன்று, முடிந்தபின் ஒன்று, கண்டிஷனர் போட்டால் போதும். ஹீட்டர் பக்கத்தில் மட்டும் பையை வைக்காதீர்கள்.

நூலும்ஊசியும் | ஃபீனிக்ஸ், டர்பன்

நான் வீட்டில் பை ரிப்பேர் செய்கிறேன். என் கைக்கு வரும் பைகளில் பாதிக்கு மேல் தோல் நன்றாகவே இருக்கும். கைப்பிடி பையோடு சேரும் இடத்தில்தான் பிய்ந்திருக்கும். அதனால் தோலை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள் கண்ணு.

கைப்பிடியின் அடியில் விரலை விட்டுத் தடவுங்கள். உள்ளே இன்னொரு துண்டுத் தோலோ கெட்டித் துணியோ வைத்துத் தைத்திருந்தால் கனம் தெரியும். வெறும் தோலில் குத்தியிருந்தால் ஒரு வருடம்தான். தையலை எண்ண வேண்டாம், நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ரொம்ப நெருக்கமான தையல் பலம் என்று நினைக்கிறார்கள், அது தவறு. ஓட்டைகள் நெருங்கினால் தபால்தலை ஓரம் போல அந்த வரியிலேயே கிழியும். ஓரத்துக்கும் தையலுக்கும் நடுவே 3 மில்லிமீட்டராவது தோல் இருக்க வேண்டும்.

கைத்தையலில் ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டைக்குள் எதிரெதிராக இழுப்போம். ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். மெஷின் தையலில் மேல்நூல் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரும். எல்லாப் பையும் கைத்தையலாக இருக்க வேண்டியதில்லை. கைப்பிடி மட்டும் அப்படி இருந்தாலே எனக்குத் திருப்தி.

அப்புறம் ஓரம். வெட்டிய ஓரத்தைத் தேய்த்து மெழுகேற்றி வழவழவென்று ஆக்கியிருந்தால் நல்லது. மடித்துத் தைத்திருந்தாலும் நல்லது. வண்ணம் பூசிய ஓரமாக இருந்தால் வாரை வளைத்துப் பாருங்கள். கடையிலேயே கீறல் விட்டால் நம் சூட்டில் பிசின் மாதிரி உருகி உரியும்.

உலோகத்துக்குக் காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஒட்டினால் இரும்பு, கடல் காற்றில் துரு நிச்சயம். ஆனால் ஒட்டவில்லை என்பதால் பித்தளை என்று ஆகிவிடாது. துத்தநாகக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. அதன் மேல் பூசிய பளபளப்பு போனதும் சாம்பல் நிறம் வெளியே வந்துவிடும். பித்தளை தேயத் தேயவும் மஞ்சளாகவே இருக்கும். ஜிப்பை ஐந்து தடவை திறந்து மூடுங்கள், மூலையில் திரும்பும்போது தயங்கினால் வேண்டாம்.

மார்கழி | டோங்காட்

மாட்டுத் தோல் வேண்டாம் என்றால் வேறு என்ன இருக்கிறது? எங்கள் ஆயாவும் அப்படித்தான். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் அன்று கையில் துணிப்பைதான். ரெக்சின் வாங்கினால் உரிகிறது, தோல் வாங்கினால் என்ன தோல் என்றே தெரியவில்லை.

ஆம்பூரான்

நல்ல கேள்வி. ஆட்டுத்தோலைக் கேளுங்கள். எங்கள் வாணியம்பாடி, திண்டுக்கல் பக்கம் பரம்பரையாகக் கைபழகிய சரக்கு அது. வெள்ளாட்டுத் தோல் மெல்லியது, ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் அந்தக் கனத்துக்கு அதன் பலம் அதிகம். பிளக்க வேண்டிய தேவையே இல்லாததால் பெரும்பாலும் முழு முகத்தோடு கிடைக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: துவாரங்கள் தனித்தனியாக இல்லாமல் குட்டிக் குட்டி வரிசைகளாக, சொரசொரப்பாக இருக்கும். முதுகில் அழுத்தமாகவும் வயிற்றுப் பக்கம் மங்கியும் இருக்கும். பையின் எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவில், ஒரே ஆழத்தில் சொரசொரப்பு தெரிந்தால் அது மாட்டுத் தோலில் ஆட்டு அச்சு குத்தியது. மாமியாரிடம் சொல்லி வாங்கும் பை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். செம்மறியாட்டுத் தோல் பைக்கு ஆகாது. மெத்தென்று இருக்கும், சீக்கிரம் கிழியும்.

கரூவழி | அவுட்ஸ்ஹூர்ன் அருகில்

நம் நாட்டிலேயே கிடைக்கும் இன்னொன்றை விட்டுவிட்டீர்கள். தீக்கோழித் தோல். நான் இருக்கும் கிளைன் கரூ பகுதிதான் அதற்குத் தலைநகரம். 1914 வரை இங்கே இறகு வியாபாரம்தான், ஐரோப்பியப் பெண்களின் தொப்பிக்குப் போனது. அந்த மோகம் விழுந்தபின் பல வருடம் கழித்துத் தோல் தலையெடுத்தது.

இறகு பிடுங்கிய இடமெல்லாம் புடைப்பாக நிற்கும். அதுதான் அதன் அழகு. முதுகில் வைர வடிவில் ஒரு பகுதியில்தான் புடைப்புகள் நெருக்கமாக இருக்கும். விலை அதற்குத்தான். மாட்டுத் தோலில் அச்சடித்து இதைப் போலச் செய்கிறார்கள். அசலில் புடைப்புகள் ஒன்றைப் போல ஒன்று இருக்காது, ஓரிடத்தில் கூட்டம், ஓரிடத்தில் வெறுமை. ஒவ்வொன்றின் உச்சியிலும் இறகு இருந்த நுண்ணிய துளை இருக்கும். போலியில் துளை இருக்காது, வரிசையும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே வரும். காலின் தோல் என்றால் பல்லிச் செதில் போல இருக்கும், அது வேறு அழகு.

விலை அதிகம், மறைக்கவில்லை. பை முழுக்க வேண்டாம் என்றால் மூடி மட்டும் தீக்கோழியில் செய்து தருகிறவர்கள் இங்கே உண்டு. முதலைத் தோல் பை வாங்கி ஊருக்கு எடுத்துப் போக நினைப்பவர்கள் முதலில் சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். நம் பண்ணைத் தீக்கோழிக்கு அந்தத் தொல்லை இல்லை.

கடலோரம்

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை வராந்தாவில் உட்கார்ந்து அம்மா பையைத் துடைத்தேன். முதல் துணியில் வெள்ளை, இரண்டாவது துணியில் லேசான அழுக்கு, மூன்றாவது சுத்தமாக வந்தது. பூஞ்சை போன இடத்தில் கறை இல்லை. மூடியின் நடுவில், அம்மா விரல் வைத்துத் திறக்கும் இடம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கறுத்து, மெழுகு போட்டது போல மின்னுகிறது. அதைத் தேய்க்காமல் விட்டுவிட்டேன்.

ஒரு சந்தேகம் அண்ணா. வாரின் வெட்டு ஓரத்தைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு. அந்த உரிகிற பையின் உள்பக்கம் ஏன் சாம்பல் நீலமாக இருந்தது?

ஆம்பூரான்

இதைக் கேட்டதற்கு உங்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

சாம்பல் நீலம் குரோம் பதனிடல், அதாவது குரோமியம் உப்பில் பதனிடுவது. 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் அதற்குக் காப்புரிமை வாங்கினார். வாரக்கணக்கில் ஆகும் வேலையை ஒரு நாளில் முடிக்கும். தோல் மிருதுவாக வரும், ஈரத்தையும் சூட்டையும் நன்றாகத் தாங்கும். இன்று உலகத்தின் பெரும்பாலான தோல் அதுதான். அதில் குறை இல்லை, உங்கள் பையில் குறை ஸ்பிளிட்டும் படலமும்தான்.

அம்மா பை மரப்பட்டையில் பதமானது. ஊரில் பழைய நாளில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடுவார்கள். பின்னாளில் வேட்டில் (wattle) என்ற மரத்தின் பட்டை வந்தது. எங்கள் ஷாப்பில் அந்தத் தூள் மூட்டைகளில் 'சவுத் ஆப்ரிக்கா' என்று அச்சு இருக்கும். அள்ளி அள்ளிக் கொட்டியிருக்கிறேன், அது எங்கே விளைகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இங்கே வந்தபின் கிரேடவுன் சாலையில் போகும்போது நண்பர் ஒருவர் காட்டினார்: இதுதான் வேட்டில் மரம். வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்ப் பட்டையைக் கீறி முகர்ந்தேன். அதே வாசனை.

1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நம் ஆட்கள் நேட்டாலுக்கு, அதாவது டர்பன் இருக்கும் இந்தப் பகுதிக்கு, வந்தார்கள். நான்கு வருடம் கழித்து ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து வேட்டில் விதை வந்தது. அந்த மரத்தின் பட்டை நம் ஊர்த் தோலைத் தேடிப் போனது. அம்மா பையில் இருப்பதும் அநேகமாக அதே பட்டைதான். வெட்டு ஓரத்தின் அந்தச் செம்பழுப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த நிறம்.

பட்டைத் தோல் கை பட்டுப் பட்டு நிறம் கூடும். மூடியில் அம்மா விரல் வைத்த இடத்தைத் தேய்க்காமல் விட்டது ரொம்பச் சரி.

மார்கழி

இதைப் படித்துவிட்டு என் அலமாரியைத் திறந்து பார்த்தேன். ஈரம் உறிஞ்ச என்று சூப்பர்மார்க்கெட்டில் விற்கிறார்களே, வெள்ளை உருண்டை போட்டுத் தண்ணீர் சேரும் பை, அதைத் தோல் பைகளுக்கு நடுவே தொங்கவிட்டிருக்கிறேன். பரவாயில்லையா?

நூலும்ஊசியும்

உடனே எடுத்துவிடு மா! அதில் சேரும் தண்ணீர் கால்சியம் குளோரைடு. ஒரு சொட்டுக் கசிந்தாலும் அந்த இடம் சுருங்கி அட்டை மாதிரி விறைத்துவிடும். எனக்கு அப்படி வந்த ஒரு பையை என்ன செய்தும் மீட்க முடியவில்லை, அந்தப் பெண் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. வேண்டுமென்றால் அலமாரியின் தரையில், துணியோ பையோ எதுவும் தொடாத மூலையில் கிண்ணத்துக்குள் வைக்கலாம். பைக்குள் போட சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் மாற்று.

பழைய தலையணை உறை ஒன்று எடுத்து அதற்குள் பையை வை. உள்ளே வெள்ளைத் தாள் கசக்கி அடைக்கலாம், செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும். மாதம் ஒரு நாள் கதவைத் திறந்து விட்டு ஃபேன் போடு. பேபி வைப்ஸால் துடைக்கிறவர்கள் அதையும் நிறுத்துங்கள், மேல்பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடும்.

கடலோரம்

இன்று ஒரு பை பார்த்துவிட்டு வந்தேன். வெள்ளாட்டுத் தோல், மெரூன் நிறம், 2,400 ராண்ட். கட்டைவிரல் வைத்தேன், ரேகை ஓடியது. முன்பக்கம் சொரசொரப்பாகவும் அடிப்பக்கம் மங்கலாகவும் இருந்தது. கைப்பிடிக்கு அடியில் கனம் தெரிந்தது. ஜிப் மட்டும் வலது மூலையில் தயங்கியது. கடைக்காரர் வேறொன்று வரவழைத்துத் தருகிறேன் என்றார், வியாழன் போகிறேன். மாமியாரும் கூட வருகிறார், அவரே தொட்டுப் பார்க்கட்டும்.

அம்மா பையில் ஒரு வேலை பாக்கி. இடது கைப்பிடி சேரும் இடத்தில் மூன்று தையல் அறுந்திருக்கிறது, ஓட்டை கொஞ்சம் நீண்டுவிட்டது. அக்கா, நீங்கள் எடுத்துச் செய்வீர்களா?

நூலும்ஊசியும்

கொண்டு வா. பழைய ஓட்டையிலேயே தைக்கக் கூடாது, உள்ளே ஒரு துண்டு வைத்து ஓட்டையை மூடிவிட்டு பக்கத்தில் புதிதாகக் குத்த வேண்டும். மெழுகு நூல், பழுப்பிலேயே இருக்கிறது. சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன், விலாசம் தனிமடலில் அனுப்புகிறேன். வரும்போது தலையணை உறையில் போட்டு எடுத்து வா, பிளாஸ்டிக் வேண்டாம்.